ஐந்துக்கும் ஒரே கன்வெர்ட்டர்

ஆகஸ்ட் 7, வியாழன்

ஸ்டோர் பார்க்கும் செல்வி அக்காவின் அழுத முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

காலையில் வெளியூர் கிளம்பிய விற்பனை ஆட்களுக்கு அக்கா ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்த ஐந்து லேப்டாப்களையும், கம்பெனிப் பட்டியலில் ஏற்றுவதற்காக நான்தான் ஒவ்வொன்றாக நெட்வொர்க்கில் மாட்டி ஸ்கேன் செய்தேன். மாலையில் பட்டியலில் ஒன்றுதான் இருந்தது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, “மீதி நாலு எங்கம்மா?” என்றார்.

“அஞ்சும் அவங்ககிட்டக் குடுத்துட்டனுங்க. சந்தேகம்னா எங்கூட்டுல வந்து தேடிப் பாருங்க” என்று அக்கா அழுதுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த லேப்டாப்களில் நெட்வொர்க் கேபிளை நேராகச் செருக இடம் கிடையாது; நடுவில் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே கன்வெர்ட்டரைத்தான் ஐந்திலும் மாற்றி மாற்றிச் செருகினேன். பட்டியல் போடும் மென்பொருள் அந்தக் கன்வெர்ட்டரின் நெட்வொர்க் எண்ணைப் பார்த்து, ஐந்தையும் ஒரே இயந்திரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ஸ்கேன் பதிவைத் தோண்டினேன். ஐந்து சீரியல் நம்பரும் கிடைத்தன. “கண்டுபுடிச்சுட்டேன் சார்” என்றேன். தவறு என்னுடையது என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றிருந்தார். “நீங்க இல்லீன்னா எம்பேரு கெட்டிருக்குமுங்க சாமி” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“பரவால்லீங்க அக்கா” என்றேன்.