ஜெனிபர் பெயரில் பூசை

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஜெனிபருக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், நீ சுகம் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ இருக்கிற சண்டை ஊருக்குப் போன் போகவில்லை, அதனால் உன் பத்திரிகை ஆபீசுக்கே இதை அனுப்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. மழை விடவில்லை, கடலைக் கொல்லையில் தண்ணீர் நிற்கிறது.

நீ கடைசியாக அனுப்பிய படத்தை உன் தம்பி ஜஸ்டின் ஆலங்குடியில் பிரிண்ட் போட்டு வந்தான். பள்ளிக்கூட வாசலில் செத்தவர்களை வெள்ளைத் துணி போர்த்தி வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்களே, அதுதான். பேர் தெரியாதவர்கள் என்று எழுதியிருந்தாய், அழக்கூட ஆள் இல்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பேரைப் பூசைக்குக் கொடுத்தபோது, நான் உபதேசியார் அருள்மணியிடம், "ஜெனிபர் படத்துல இருக்கிறவங்களுக்கும் ஒரு பூசை வைங்க, பேரு தெரியாது" என்றேன். அந்த மனுஷர் பேர் இல்லாமல் எப்படி வாசிப்பது என்று தானாகவே சுருக்கிக்கொண்டு, மரித்த ஜெனிபரின் ஆன்மா இளைப்பாற என்று மைக்கில் வாசித்துவிட்டார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. பூசை நடுவே எழுந்து இல்லை என்று எப்படிச் சொல்வதடி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் செருப்பு. ஊர்ப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் படம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்ததற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை, ஊரையெல்லாம் படம் பிடிக்கிறவளுக்குத் தன் படம் இல்லை. போஸ்டர் ஒட்டாமல் போனதே, அதுவும் நல்லதுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன். தப்பு நடந்ததைச் சொன்னதும் பக்கத்து வீட்டுப் பொற்கொடி, "ஆயுசு கெட்டிக்கா, பயப்படாதீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் காப்பி போட்டாள். சாயங்காலம் கல்லறைக்குப் போனால், தாத்தா கல்லறைக்குப் பக்கத்து வெறும் மண்ணில் உன் பேரில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். அணைக்கவும் கை வரவில்லை, எரியவிடவும் மனசு இல்லை.

மறுநாள் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், துணி போர்த்தாமல், நீளமாக ஒரு கறுப்பு. இரண்டு முழங்கையையும் தூக்கி முகத்துக்கு நேரே எதையோ பிடித்திருக்கிறது. உன் நிழல்தான் மகளே, அவர்களோடு ஒன்றாகப் படுத்திருக்கிறது. படத்தில் இருக்கிறவர்களுக்குப் பூசை கேட்டது நான்தானே, உபதேசியார் எதைத் தப்பாக வாசித்தார்? அன்றிலிருந்து எனக்குப் பயமாகவே இருக்கிறது.

வேலையை விட்டு வா என்றால் கேட்கமாட்டாய். நீ எடுக்காவிட்டால் அந்தப் பாவப்பட்டவர்களுக்குப் பூசையே இருந்திருக்காது, அதுவும் எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்தில் கிடக்கும் மாதா படம் வைத்த உத்திரியத்தைக் கழற்றாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று படம் எடுக்காதே கண்ணு.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அம்மா,
ஜெபமாலையம்மாள்