றூபனின் மகளிடம் சொல்லிவிட்டேன்

என் செல்லத் தம்பி ஜூட்,

உன்னோடு மனதுக்குள் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். றூபன் ஹைதராபாத்துக்கு வந்திருந்தான்.

உன்னோடு ஒரே அணியில் கரப்பந்து விளையாடிய அதே றூபன். சுற்றிவளைப்பு நடந்த அன்று, கோயில் முற்றத்தில் ஆமி நம் ஊர் ஆண்களை வரிசையாக நடத்தியபோது, சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்து தலையாட்டியவன். நீ முன்னால் வந்தபோது அந்தச் சாக்கு அசைந்தது. உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது யார் என்று பிறகுதான் ஊர் அறிந்தது. அம்மா ஆமி முகாம் முகாமாக அலைந்தார். நீ உயிரோடு இருக்கிறாய் என்று நம்பியே கண்ணை மூடினார்.

நான் கடல் தாண்டி, அகதி முகாமில் கிடந்து, கலியாணம் முடித்து செகந்தராபாத் வந்து சேர்ந்தேன். றூபன் வந்தது இருதய ஒப்பரேஷனுக்கு. நான் இங்கே இருப்பது தெரிந்து எங்கள் பங்குத்தந்தையைப் பிடித்திருக்கிறான். ஃபாதர் வீட்டுக்கே வந்தார்.

"பழிவாங்குறது நீதி இல்லம்மா. உடைஞ்சத ஒட்ட வைக்கிறதுதான் நீதி. ஒரு தடவ எதிர்ல உக்காந்து பேசுங்க."

"உடைச்சவன் இங்க இருக்கிறான் ஃபாதர். உடைஞ்சவன் எங்க?"

என் மகள் ஷீபா அடுக்களையிலிருந்து, "நக்கோ மம்மி, டோன்ட் கோ" என்றாள். ஆனாலும் போனேன். மன்னிக்க அல்ல. அந்த முகத்தைச் சாக்கு இல்லாமல் பார்க்க.

கோயில் ஹாலில் ஃபாதர் மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார். றூபன் மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தான்.

"அடிச்சுப்போட்டுத்தான் என்னைக் கொண்டுவந்து இருத்தினவங்கள் அக்கா. ஆரையும் காட்டாட்டி என்னைச் சுட்டிருப்பாங்கள்."

"ஏன் ஜூட்டைக் காட்டினனீ?"

"அந்த நேரம் அவன்தான் முன்னால வந்தவன்."

அவ்வளவுதானா, தம்பி? வரிசையில் நீ நின்ற இடம்தானா உன் குற்றம்?

"அவனை எங்க புதைச்சவங்கள்?"

நிலத்தைப் பார்த்தான். "எனக்குத் தெரியும். குழி வெட்டினவங்களில நானும் ஒருத்தன். உங்களுக்கு மட்டும் சொல்லுறன். கோர்ட்டில சொல்லமாட்டன். என்ர மகளுக்கு ஒண்டும் தெரியாது. மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ அக்கா, நிம்மதியா ஒப்பரேஷனுக்குப் போவன்."

நிம்மதி! அம்மாவுக்குக் கிடைக்காதது இவனுக்கு வேண்டுமாம்.

எழுந்தேன். வராந்தாவில் அவன் மகள் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தாள். ஃபாதர், "வேணாம்மா" என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

"பிள்ளை, உன்ர அப்பா என்ர தம்பியை ஆமிக்குக் காட்டிக்குடுத்தவர். புதைச்ச இடமும் தெரியும். கோர்ட்டில சொல்லமாட்டாராம்."

அவள் முகம் வெளிறியது. உள்ளே அவன் விம்முவது கேட்டது. சந்தோஷமாக இருந்தது ஜூட். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன். அப்போதும் வருந்தவில்லை.

சில நாள் கழித்து அவளே போன் பண்ணினாள். "அன்ரி, சொல்லாட்டி இனி அவரோட கதைக்கமாட்டன் எண்டிட்டன். வக்கீலுக்கு முன்னால எல்லாம் சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டார்." அப்பாவுக்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்தது.

அவன் சொன்ன இடம், ஆமி முகாம் இருந்த அரிசி ஆலைக்குப் பின்னால், பாழடைந்த கிணற்றுக்குப் பக்கத்தில். இப்போது அங்கே யாரோ வாழை வைத்திருக்கிறார்களாம். உனக்கு மேலேயா, தம்பி?

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, அவன் பிழைத்துக்கொண்டான் என்று ஃபாதர் சொன்னார். எனக்கும் அது நல்ல செய்திதான். ஊர்க் கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் நின்று வாய் திறக்க அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

அந்த நிலத்தைத் தோண்டும் நாளில் நான் அங்கே நிற்பேன். உன்னைக் கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் வைப்பேன். அவனை விட்டுவிடு என்று நீயே வந்து கேட்டாலும் விடமாட்டேன்.

உனக்காக இன்னும் கோபம் ஆறாத,
உன் மரியா அக்கா