அஞ்சலையிடம் சொல்ல வேண்டிய வார்த்தை

நவம்பர் 8, சனி

காலையில் பனி. எட்டு மணிக்குத்தான் வெயில் தலைகாட்டியது. ஸ்கூல் ஆபீஸ் அரை நாள். கேஸ் புக் செய்ய வேண்டும். இவரிடம் சொன்னால் அடுத்த மாதம்தான்.

மதியம் பெரிய ஆசுபத்திரி வாசலில் சாப்பாடு. சனி, ஞாயிறு எங்கள் சேவா கிளப்பின் முறை. உள்ளே படுத்திருப்பவர்களுக்கு அல்ல, அவர்களோடு வந்து வெளியே கிடப்பவர்களுக்கு. சாம்பார் சாதம், அவித்த முட்டை, வாழைப்பழம். முட்டை பாதி வரிசையிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சப் பேரின் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினேன்.

வேப்ப மரத்தடியில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். வரிசைக்கு வரவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கு தலைக்கு எண்ண வெச்சியாம்மா? பெரியவன் சாப்ட்டானா?" தமிழ். அதுவும் ஆரணி, போளூர் பக்கத்துத் தமிழ். என் அப்பா பேசியது.

தட்டைக் கொண்டுபோய், "சாப்பிடும்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். ஊரிலிருந்து இந்தத் தெலுங்குச் சீமைக்கு வந்த பிறகு நேரில் ஒருவரும் அவளிடம் தமிழ் பேசவில்லையாம்.

பெயர் அஞ்சலை. புருஷன் ஏழுமலை, பட்டான்செருவில் மாத்திரை கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது தலை வலிக்கிறது என்று பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. ஆபரேஷன் ஆயிற்று. இப்போது ஐ.சி.யூ.வில்.

"டாக்டர் என்னம்மா சொல்றாரு?"

"சொல்றாருக்கா. எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

ராத்திரி ரசம். உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பூசை. சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு வண்டி வருமுன் அஞ்சலையோடு உள்ளே போனேன். ஐ.சி.யூ. வாசலில் செக்யூரிட்டி, "தோ ஜன் நக்கோ அம்மா" என்றார், இரண்டு பேர் கூடாதாம். கிளப் அட்டையைக் காட்டி, இவளுக்கு பாஷை தெரியாது என்றேன். "ஹவ், ஜாவ்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

ஏழுமலை. முடி வழித்த தலையில் கட்டு. மெஷின் மூச்சு விட, நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. அஞ்சலை காலடிக்குப் போய் இரண்டு பாதத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாருக்கா. நேத்து ஜில்லுனு இருந்திச்சு. இன்னிக்கி சூடு வந்திருக்கு."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் டியூட்டி டாக்டர் தெலுங்கில் சொன்னார். சின்னப் பையன், தூங்கிப் பல நாள் ஆன முகம். மூளை நின்றுவிட்டது. இன்று ஒரு முறை சோதனை, இடைவெளி விட்டு இன்னொரு முறை. இரண்டும் ஒன்றாக இருந்தால் நாளைக்கு மனைவியிடம் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும், "என்னக்கா சொன்னாங்க?"

"நாளைக்குப் பெரிய டாக்டர் பேசுவாராம்."

பொய் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. வண்டி வந்திருந்தது, குண்டா இறக்கப் போய்விட்டேன்.

வீட்டில் மகள் ஷீபாவிடம் டாக்டர் சொன்னதற்குத் தமிழில் என்ன வார்த்தை, போனில் பார்த்துச் சொல் என்றேன். பார்த்தாள். "மூளைச்சாவுனு இருக்கு மம்மி." கொஞ்ச நேரம் கழித்து, "இத அவங்ககிட்ட நக்கோ மம்மி. ரொம்ப bad-ஆ கேக்குது."

எனக்குத் தெரிந்தது வீட்டுத் தமிழும் கோயில் தமிழும்தான். இரண்டிலும் இதற்கு வார்த்தை இல்லை.

நவம்பர் 10, திங்கள்

ஆபீசில் இருக்கும்போது ராவ் சார் போன். கிளப் தலைவர். குகட்பள்ளியில் பெயின்ட் கடை. "மேடம், மீக்கு அரவம் ஒச்சு கதா?" அரவம் என்றால் தமிழ், இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆசுபத்திரியில் கேட்டிருக்கிறார்கள், சோதனை இரண்டும் முடிந்துவிட்டது, மனைவியிடம் பேசத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். உறுப்பு தானமும் கேட்பார்களாம்.

"கொஞ்சம் நல்லா எடுத்துச் சொல்லுங்க மேடம். எத்தனை குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் தெலுங்கில். அவருடைய அண்ணன் கிட்னிக்குக் காத்திருந்தே போனவர். அது எனக்குத் தெரியும். அதனால் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் பெர்மிஷன். ஆட்டோ.

சின்ன அறை. பெரிய டாக்டர், தானத்துக்கான அலுவலர் ஒரு பெண், அஞ்சலை, நான். மேஜை மேல் டிஷ்யூ டப்பா.

டாக்டர் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். நான் அஞ்சலையிடம், "அவரோட மூளை வேலை செய்யலம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. ஆமாம், தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்ளோதானக்கா? புத்தி பேதலிச்சுப் போனா என்னா? நான் வெச்சுப் பாத்துக்கறேன். சோறு ஊட்டுறேன், குளிப்பாட்டுறேன். எங்க சித்தப்பா ஒருத்தரு அப்படித்தான் இருந்தாரு. வூட்டுக்கு அனுப்பச் சொல்லுக்கா."

என்ன சொல்கிறார்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

பிறகு நானேதான் சொல்ல வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்.

"நான் தப்பா சொல்லிட்டேன் அஞ்சலை. அவர் செத்துட்டாரும்மா. மூச்சு மெஷின் விடுது. மெஷினை எடுத்தா மூச்சு இல்லை. திரும்பி வரமாட்டார்."

கத்தவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூடா இருக்கேக்கா" என்றாள். "மெஷின் ஓடறதால ரத்தம் ஓடுதும்மா, அதான் சூடு." "நெஞ்சு அடிக்குதே." "அது கொஞ்ச நேரத்துக்குத்தான். இன்னிக்கோ நாளைக்கோ நின்னுடும்." ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போனபோதுதான் அழுதாள்.

ரொம்ப நேரம் கழித்து அந்த அலுவலர் தானம் பற்றிப் பேசினாள். நல்ல பெண். வற்புறுத்தவே இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், யாரும் கோபப்பட மாட்டார்கள், இதுவும் சொல்லுங்கள் என்றாள். இதயம் நின்ற பிறகும் கண் மட்டும் கொடுக்கலாம் என்றும் சொன்னாள். அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ராவ் சார் சொன்ன குடும்பங்களைப் பற்றி நானாக எதுவும் சேர்க்கவில்லை.

"மூத்தாரு வந்துகினு இருக்காரு. அவரக் கேக்கணும்" என்றாள்.

பல் வலி. கிராம்புத் தைலம்.

நவம்பர் 11, செவ்வாய்

லீவு. ஸ்டேஷனுக்கு நானே போய் மூத்தாரைக் கூட்டி வந்தேன். ஏழுமலையின் அண்ணன் பச்சையப்பன். கையில் ஒரு மஞ்சள் பை, கசங்கிய சட்டை. ஆட்டோவில் வழி முழுக்கப் பையை மடியிலேயே வைத்திருந்தார். ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்தவர் சுவரோரம் குந்திவிட்டார்.

தானம் என்றதும் எழுந்தார்.

"கிட்னி எடுக்கறதுக்குத்தான் மெஷின்ல வெச்சிருக்கீங்களா? யாரும்மா நீ? இவங்க ஆளா?"

"இல்லண்ணா. நாங்க வெளியே சாப்பாடு போடறவங்க. தமிழ் தெரியும்னு கூப்பிட்டாங்க."

"அப்ப சோறு போட்டுட்டுப் போ."

அஞ்சலை நடுவில் வந்தாள். "அந்த அக்காவ ஒண்ணும் சொல்லாத மாமா." பிறகு என்னிடம், மெதுவாக: "நானும் வேணான்றன்க்கா. மூச்சு ஏறி எறங்குற ஒடம்ப எப்படிக்கா குடுப்பேன்? நீ சொன்னது மனசுக்குப் புரியுது. கைக்குப் புரியல."

டாக்டரிடம் வேண்டாம் என்கிறார்கள் என்றேன். சரி என்று தலையசைத்தார், அவ்வளவுதான். ராவ் சாருக்குப் போன் செய்தேன். "நீங்க சரியா சொன்னீங்களா மேடம்?" என்றார். சொன்னேன் என்றேன். எனக்கே கோபம் வந்தது, அவர் மேலா என் மேலா தெரியவில்லை.

சரியாகத்தான் சொன்னேனா? முதலில் அந்த ஒரு வார்த்தையைத் தவறாகச் சொல்லாமல் இருந்திருந்தால்? வீட்டுக்கு அனுப்பச் சொல்லு என்று அவள் சிரித்த முகமாய்க் கேட்டாளே.

இவரிடம் சொன்னேன். டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்டார். "நீ சொல்லலன்னா அவளுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார். பிறகு எழுந்து போய் கேஸ் புக் செய்தார்.

நவம்பர் 12, புதன்

குளிர். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அஞ்சலை போன்.

"நின்னுடுச்சுக்கா."

போனேன். மெஷினை எடுத்திருந்தார்கள். குழாய் இல்லாத முகத்தை அப்போதுதான் பார்த்தேன். தாடி லேசாக வளர்ந்திருந்தது. பச்சையப்பன் தலைமாட்டில். அஞ்சலை வழக்கம் போலப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு.

"சில்லுனு ஆயிடுச்சுக்கா. இப்பதான் எனக்குத் தெரியுது."

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே: "கண்ணு மட்டும் இப்பக் குடுக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. நெசமா?"

"நிஜம்தான். ஆனா குடுத்தே ஆகணும்னு இல்ல. உன் இஷ்டம்."

அவள் மூத்தாரைப் பார்த்தாள். "மாமா, பாப்பா பொறந்தப்ப இவரு ஊருல இல்ல. போன்லதான் பாத்தாரு. எப்ப வந்தாலும் அதுங்களப் பாத்துக்கினே உக்காந்திருப்பாரு. பாக்கறதுன்னா அவ்ளோ ஆசை. மண்ணுல போயி ஏன் மக்கணும்?"

பச்சையப்பன் தம்பியின் முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒனக்குப் பட்டதைச் செய்யி" என்றார்.

கண் வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். திரை போட்டார்கள். ரொம்ப நேரம் ஆகவில்லை. திரை விலகியபோது இமை மூடியே இருந்தது, தூங்குகிற மாதிரி. முகம் மாறவே இல்லை. அதைப் பார்த்துத்தான் பச்சையப்பன் முதன்முதலாக வாய்விட்டு அழுதார்.

ஊருக்கு எடுத்துப்போக ராவ் சார் கிளப் பெயரில் வண்டி ஏற்பாடு செய்து தானும் வந்தார். கிளப்பில் ஒருவர் போட்டோவுக்குப் போனைத் தூக்கினார். நான் சொல்வதற்கு முன்னால் ராவ் சாரே அந்தக் கையைத் தாழ்த்திவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டி பக்கத்தில் நின்றார். அஞ்சலையைப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்குத் தெலுங்கு தெரியாது. என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வண்டியில் வைத்தது: தண்ணீர் பாட்டில், பிரட், ஷீபாவின் பழைய சால்வை, என் போன் நம்பர்.

பச்சையப்பன் ஏறும்போது, "அன்னிக்கிப் பேசினது..." என்று ஆரம்பித்தார். "பரவாயில்லண்ணா" என்றேன்.

நவம்பர் 15, சனி

வெயில். பகாரா சாதம், தால்ச்சா. முட்டை எல்லாருக்கும் வந்தது. வேப்ப மரத்தடியில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். வரிசையில் ஒரு கிழவர், "கைக்கு ரோத்தே அம்மா?" என்று உருதுவில் கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

நவம்பர் 20, வியாழன்

பல் பிடுங்கியாயிற்று. கஞ்சி.

நவம்பர் 28, வெள்ளி

அஞ்சலை போன். நேற்றுக் கருமாதி முடிந்ததாம். பெரியவன்தான் எல்லாம் செய்தான், சின்னப் பிள்ளை, சொல்லச் சொல்ல அழகாகச் செய்தான் என்றாள். பாப்பா இன்னும் அப்பாவுக்குப் போன் போடச் சொல்கிறதாம்.

பிறகு, "கண்ணு யாருக்குக்கா வெச்சாங்க?"

"அது சொல்ல மாட்டாங்கம்மா. ரூல்ஸ் அப்படி."

"யாருன்னு சொல்ல வேணாம்க்கா. அவுங்களுக்குப் பார்வ தெரியுதான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

டிசம்பர் 2, செவ்வாய்

மதிய இடைவேளையில் கண் வங்கிக்குப் போன் செய்தேன். முதலில் சொல்ல முடியாது என்றார்கள். அஞ்சலை கேட்டதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். போனில் இருந்த பெண், இருங்கள் என்று உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்தாள். இரண்டு பேருக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பார்வை வந்துவிட்டது. இன்னொருவருக்கு இன்னும் சொல்ல முடியாது, வைத்தது பிடிக்காமலும் போகலாம்.

நல்லதை மட்டும் சொல்லிவிடலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். அரிசி களைந்துகொண்டே யோசித்தேன். பிறகு கையைத் துடைத்துவிட்டு போன் செய்து இரண்டையும் சொன்னேன். பிடிக்காமல் போகலாம் என்பதையும்.

அந்தப் பக்கம் கோழி கூவுகிற சத்தம், யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம்.

"ஒருத்தரு பாக்குறாரா?" என்றாள்.

"பாக்குறார்."

"இன்னொருத்தருக்கும் தெரியணும்க்கா. எப்ப கேட்டாச் சொல்லுவாங்க?"

வெள்ளிக்கிழமை கண் வங்கிக்கு மறுபடி போன் செய்து கேட்க வேண்டும்.