பாலத்தருகே டுவைட்

ஆரிகன், அமெரிக்கா, செவ்வாய்க்கிழமை

அன்பே,

பள்ளிக்கூட அரங்கில் எங்களுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. காட்டுத்தீ இன்னும் ஆற்றைத் தாண்டவில்லையாம். நீ சாப்பிட்டாயா?

நேற்று நம் கார் கிளம்பவில்லை. யாரிடமோ இரவல் வாங்கிய காரில்தான் வந்தோம். பாலத்தருகே உன் ஊர்க்காவல் குழுவினர் துப்பாக்கியோடு வழிமறித்து நின்றார்கள். தீ வைக்க வெளியாட்கள் வருகிறார்கள் என்ற பேச்சுக்காகத்தான். நீயும் அதற்காகத்தானே மேற்குச் சாலையில் நிற்கிறாய். புகைக்காக நாங்கள் முகத்தில் துணி கட்டியிருந்தோம்.

ஒருவன் துப்பாக்கியை என் பக்கம் நீட்டி, "யாரு? எந்த ஊரு? இறங்கு கீழ" என்றான். புகையில் எனக்கும் அவன் யாரென்று தெரியவில்லை. பின் இருக்கையில் நம் குட்டி ஹேட்டி அழத் தொடங்கினாள்.

அழுகுரல் கேட்டு அவன் குனிந்து பார்த்தான். "அட, நம்ம ஹேட்டியா? நீங்கன்னு சொல்லக் கூடாதா அண்ணி" என்றான். பக்கத்து வீட்டு டுவைட்.

நீ கொடுத்த கைத்துப்பாக்கி என் மடியில், கோட்டுக்கு அடியில் இருந்தது. விரல் விசையில் இருந்தது. அவனுக்குத் தெரியாது.

டுவைட்டின் மனைவிக்குப் பக்கத்துக் கட்டில். காலையில் ஹேட்டிக்குத் தலை பின்னிவிட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சீக்கிரம் வா.

உன் மனைவி