செட்டைக் கெடுத்த கை யாருடையது, மாமி?

அன்புள்ள மாமி அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று போடாமல் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். இறந்து போனவர்களைப் பற்றி எழுதினால் நல்லதைத்தான் எழுத வேண்டுமாம். அதற்கு உங்கள் மகளும் சின்ன மகனும் இருக்கிறார்கள். நான் செட்டைப் பற்றி எழுதப் போகிறேன். ஒளித்து எழுதவும் இல்லை. யார் கேட்டாலும் படித்துக் காட்டுவேன்.

செட்டு என்றால் பாலக்கோட்டில் நம் தெரு முழுக்கத் தெரியும். உங்கள் மூத்த மகன், என் வீட்டுக்காரர், சவுதியிலிருந்து கொண்டுவந்த ரேடியோ. ஒரு பொத்தானை அழுத்தினால் தானே ஸ்டேஷன்களைத் தேடிக்கொண்டு ஓடும். கொழும்பு, திருச்சி, பெங்களூர் என்று பிடித்ததையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். "இதுக்குப் பேரு ஸ்கேனர்" என்று அவர் சொன்னார். முகப்பில் பச்சை எழுத்தில் மணி ஓடும். கரண்ட் போனாலும் மணியும் ஸ்டேஷனும் மறக்காமல் இருக்க அடியில் இரண்டு பென்சில் செல் போட்டிருந்தார்.

அவர் பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, திரும்பச் சொருகிக் காட்டினார். மணி தவறவில்லை. "மாஷா அல்லாஹ்" என்றீர்கள். அன்றைக்கே சுவரில் இருந்த சாவி கொடுக்கும் கடிகாரத்தைக் கழற்றி மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினீர்கள். சவுதி மணி இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டீர்கள்.

அவர் திரும்பிப் போன பிறகு முதல் தடவை கரண்ட் போய் வந்தது. செட்டில் பன்னிரண்டு என்று மின்னியது. ஸ்டேஷன் ஒன்றுகூட இல்லை, வெறும் இரைச்சல். நீங்கள் செட்டைப் பார்க்கவில்லை மாமி, என்னைப் பார்த்தீர்கள்.

"ஏம்மா, தொடைக்கறப்ப எதையாச்சும் அமுக்கிட்டியா?"

"இல்லீங்க மாமி. நான் கிட்டவே போவல."

"அப்ப தானா கெட்டுப்போச்சா? சவுதி சாமான் தானா கெடுமா?"

சவுதி சாமான் கெடாது, பாலக்கோட்டு மருமகள்தான் கெடுப்பாள். அன்றிலிருந்து செட்டின் பக்கம் போக எனக்குத் தடை. தூசி தட்டுவதும் நீங்கள், மூடி போடுவதும் நீங்கள்.

கொழுந்தனார் அதைத் தர்மபுரிக்கு ரேடியோ கடைக்கு எடுத்துப் போனார். போகும் முன் நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செல் இரண்டையும் கழற்றி வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டீர்கள். "ஃபாரின் செல்லு, கடைக்காரன் மாத்திடுவான்" என்றீர்கள். கடைக்காரர் தன் செல்லைப் போட்டுப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார், சொருகினார். மணி நன்றாக ஓடியது. செட்டில் கோளாறே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் செல்லைப் போட்டு மூடினீர்கள். அடுத்து கரண்ட் போனதும் பழையபடி பன்னிரண்டு மின்னியது.

"கடையில நல்லா இருக்குது, வூட்ல கெட்டுப் போவுது. அப்ப கோளாறு செட்டுலயா, வூட்ல இருக்கற கையிலயா?" இதை நாத்தனார் கேட்டார். நீங்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினீர்கள்.

இதுவரை நடந்ததைக்கூட நான் மறந்திருப்பேன். அந்த வெள்ளிக்கிழமையை மறக்க முடியாது.

காலை பதினொரு மணிக்குத் தக்காளி மண்டி போனுக்குக் கூப்பிடுவதாக அவர் எழுதியிருந்தார். அந்தப் போனில் என் வாயால் சொல்ல ஒரு சேதி வைத்திருந்தேன். முழுகாமல் இருக்கிறேன் என்பதை உங்களிடம்கூட முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். அவர் குரலில் என்ன மாறும் என்று கேட்க ஆசைப்பட்டேன். அது பெரிய ஆசையா மாமி?

அன்று விடிந்ததும் கரண்ட் போனது. பால்காரர் வரும் நேரத்துக்குத் திரும்ப வந்தது. அப்போது ஏழு மணி. செட்டு பன்னிரண்டில் தொடங்கி இப்போது இரண்டு காட்டுகிறது, ஆகவே ஒன்பதுதான் ஆகிறது என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டீர்கள். நாம் கொல்லையில் துணி துவைத்தபோது நடுவில் இன்னொரு முறை கரண்ட் போய் வந்து, செட்டு மறுபடி பன்னிரண்டிலிருந்து தொடங்கியது நம் இருவருக்குமே தெரியாது. "பக்கத்து வூட்ல மணி கேட்டுட்டு வரட்டுங்களா மாமி?" என்று கேட்டேன். "நம்ம வூட்ல இல்லாத மணியா?" என்றீர்கள்.

மண்டிக்குப் போனபோது கூடைகளை ஏற்றி முடித்துவிட்டு ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை அண்ணன் எழுந்து வந்தார். "ரெண்டு வாட்டி கூப்புட்டாருங்க. யாரும் வரலீங்களேன்னு கேட்டாரு. இப்பதான் வெச்சாரு" என்றார்.

நீங்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னீர்கள். "இவ கைய வெச்சுதாங்க செட்டு கெட்டுப் போச்சு. இல்லாட்டி எம் புள்ள கொரலக் கேட்டிருப்பேன்." கூடைக்காரர்கள் என் கையைப் பார்த்தார்கள். நானும் என் கையைப் பார்த்தேன். அதில் சவுக்காரம் மட்டும்தான் இருந்தது.

பிறகு கொழுந்தனார் எழுதிப் போட்ட சேதிகளுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. உங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நான்தான் படித்துக் காட்டினேன். 'செட்டில் அவளைக் கை வைக்க வேண்டாம் என்று சொல்லவும்' என்ற வரியையும் நான்தான் படித்தேன். இன்னொரு தரம் படி என்றீர்கள். அதையும் படித்தேன். பிள்ளை உண்டான சேதிக்கு அதே கடிதத்தில் ஒரு வரி சந்தோஷம் இருந்தது. செட்டுக்கு நான்கு வரி.

பிள்ளை பிறந்து சில மாதத்தில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். நீங்கள் மௌத்தான அன்று, ஜனாஸாவை அடக்கம் செய்யத் தூக்குவதற்கு முன் கொழுந்தனார் வாசற்படியில் நின்று பெண்களைப் பார்த்துக் கேட்டார். "எங்கம்மா யாருக்காச்சும் மனசு நோவ நடந்திருந்தா அல்லாவுக்காவ மன்னிச்சிடுங்க" என்று அழுதுகொண்டே கேட்டார். எல்லோரும் "மன்னிச்சாச்சு" என்றோம். நானும் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை. கிழவி போகட்டும், செட்டு ஏதோ ராசி இல்லாத செட்டு என்று நினைத்துக்கொண்டு மனதாரத்தான் சொன்னேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு உங்கள் மகன் லீவு போட்டு வந்தார். வந்த மறுநாளே கரண்ட் போய் வந்தது, செட்டும் மின்னியது. "எத்தினி வாட்டி எழுதுனேன், கைய வெக்காதேன்னு?" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "உங்கம்மா இருந்தப்பவும் தொடல, போன பொறவும் தொடல. நீங்களே தொறந்து பாருங்க" என்றேன்.

பிளக்கைப் பார்த்தார். வயரை ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் கரண்ட் போய்விட்டது. உள் அறையில் பகலிலும் இருட்டுதானே, டார்ச் லைட் எடுத்து வரச் சொன்னார். உங்கள் டார்ச்தான். அமுக்கினால் எரியவில்லை. எரியாதென்று எனக்குத் தெரியும். செல் சும்மா தீர்ந்துவிடும் என்று நீங்கள் இரண்டு செல்லுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து வைப்பீர்கள். தேவைப்பட்டால் உருவ வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டும். இந்த வீட்டுச் சட்டம் அது. தீர்ந்த செல்லைக்கூட மாடியில் வெயிலில் காயவைத்து எடுப்பவர் நீங்கள். துண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சம் அடித்தேன்.

அவர் செட்டின் அடி மூடியைத் திறந்தார். செல் புதுசு போல மினுமினுத்தது, துரு இல்லை, கசிவும் இல்லை. "செல்லு நல்லாத்தான் இருக்குது. செட்டுதான் போச்சு" என்று மூடப் போனார்.

"நில்லுங்க" என்றேன். செல்லின் முனைக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவில் நகக்கண் அளவுக்கு ஏதோ நீலமாகத் தெரிந்தது. இழுத்தேன், வந்தது. நீலப் பூப்போட்ட பிளாஸ்டிக். அவர் உங்களுக்கு அனுப்பிய தொழுகைப் பாயைச் சுற்றி வந்த உறை. என் இன்னொரு கையில் இருந்த டார்ச் துண்டும் அதே நீலப் பூதான்.

அவர் சவுதிக்குத் திரும்பிய பிறகு அந்தச் செல் ஒரு நாளும் வேலை செய்யவில்லை மாமி. நீங்கள் அதை வேலை செய்ய விடவில்லை. கரண்ட் இருக்கும்போது சும்மா எதற்குச் செல் தீர வேண்டும் என்று நினைத்தீர்கள். கரண்ட் போகும்போது உருவ வேண்டும் என்று நினைத்தீர்களோ, மறந்தீர்களோ? அல்லது மணி கெடுவது இதனால்தான் என்று ஒரு நாளாவது தோன்றி, வாயை மூடிக்கொண்டீர்களா? மண்டியில் என் கையைக் காட்டினீர்களே, அப்போது தெரியுமா தெரியாதா? இதற்கு மட்டும் பதில் வேண்டும். இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

உங்கள் மகன் சிரித்தார். அப்புறம் அழுதார். "எங்கம்மாவப் பாரு. எனக்காவ செல்லக்கூட மிச்சம் பண்ணி வெச்சிருக்குது" என்று அந்தத் துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிரிப்பும் உங்களுக்கு, அழுகையும் உங்களுக்கு. அந்தத் துண்டால் அவமானப்பட்டவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கிறேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். மண்டியில் வைத்து உங்கம்மா என்மேல் பழி போட்டார்கள். அதே மண்டியில், உங்கள் தங்கையும் கணக்குப்பிள்ளையும் கேட்க, இவள் கை கெடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"மௌத்தானவங்களப் பத்தி என்னாத்த பேசறது? வுடு" என்றார்.

நான் விடவில்லை. "அன்னிக்கி மன்னிச்சாச்சுன்னு சொன்னேங்க. இது தெரியாம சொன்னது. இதுவும் அதுல அடக்கமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. அடக்கம் இல்லீன்னா உங்கம்மா அங்க மறுமையில எனக்காவ காத்துக்கினு இருக்கணும்" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று அவருக்கு ஓதிக்கொடுத்ததே நீங்கள்தானே. சவுதிக்குத் திரும்பப் பஸ் ஏறும் வரைக்கும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "வர்ற வெள்ளிக்கெழம பதினொரு மணிக்கு மண்டிக்குக் கூப்புடறேன். தங்கச்சியையும் கூட்டிக்கினு வா" என்றார். சொல்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நேற்றும் கரண்ட் போய் வந்தது. நீங்கள் மிச்சம் பிடித்த செல் ஒன்றாம் தரம் மாமி, மணி ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. கொழும்பும் அந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை நேரத்தோடு போய் உட்காருவேன். நாத்தனாரை ஒரு பக்கமும் பிள்ளையை மடியிலும் வைத்துக்கொண்டு, போனைக் கணக்குப்பிள்ளை அண்ணன் காதில் முதலில் கொடுக்கச் சொல்வேன். உங்கள் மகன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால், கூடைக்காரர்களுக்கும் கேட்கும்படி அங்கேயே "மன்னிச்சாச்சு" என்பேன். அல்லாஹ்மேல் ஆணையாக, உள்ளே ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்வேன். அவர் சொல்லாமல் போனை வைத்துவிட்டால் அடுத்த போனுக்கும் போவேன், அதற்கு அடுத்ததற்கும் போவேன். அதுவரைக்கும் நீங்களும் காத்திருங்கள். அன்றைக்கு அந்தப் போனுக்காக நான் காத்திருந்தேனே.

இப்படிக்கு,
செட்டைத் தொடக்கூடாத கையால் இதை எழுதிய
உங்கள் மூத்த மருமகள்