நாலு லயத்துக்கும் ஒரே ஓட்டு

உ

நாலாம் லயம், மேற்பிரிவு,
ராகலை.
22.3.60

அன்புள்ள மகன் அழகுமுத்துவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மாரியாத்தாள் தயவால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி மீனம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது உன் அம்மா கேட்டுக்கொள்கிறாள். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சுகம் விசாரித்து ஒரு வரி எழுதியிருக்கிறாய், அதற்குப் பிறகு மூன்று இடத்தில் ஓட்டுப் போட்டீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டிருக்கிறாய். மீனம்மா அதை உரக்கப் படித்தாள். "போட்டாருன்னு எழுதச் சொல்லு, வேட்டியெல்லாம் வெளுத்துக் கட்டிக்கிட்டுல்ல போனாரு" என்று உன் அம்மா அடுப்படியில் இருந்தே பதில் சொல்லிவிட்டாள். நான் தலையாட்டிவிட்டு, தேயிலை ஸ்டோர் காவல் கொட்டிலுக்கு வந்து தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீயும் தனியாக இருக்கும்போது படி.

மற்ற சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசிப் பனியில் கொழுந்து கருகி இப்போதுதான் மறுபடி துளிர் விடுகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஏற்றத்தில் மட்டும் இருக்கிறது, இறக்கத்தில் இல்லையாம், நம் தோட்டத்தில் இறக்கம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மீனம்மாவைக் கேட்டு லிந்துலையில் இருந்து ஒரு இடம் வந்தது, தேர்தல் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இந்த ஒரு மாதமாக இங்கே எல்லாமே தேர்தல் முடியட்டும் என்றுதான் நின்றது. கடைத்தெருவுக்குப் போவதானாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் பஸ் ஏறுவதானாலும் கீழே கிராமத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மேலே காடு, கீழே சிங்களக் கிராமம், நடுவில் நாம். ஐம்பத்தெட்டில் கலவரம் நடந்தபோது பட்ட பயம் யாருக்கும் விட்டுப் போகவில்லை. லொறியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி வந்தார்கள். இரண்டு பேரும் நம்மை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதாகத்தான் சொன்னார்கள். ஒருவர் உரக்கச் சொன்னார், இன்னொருவர் மெதுவாகச் சொன்னார், வித்தியாசம் அவ்வளவுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் யாரும் கிராமத்துக்குப் போகிற பாலத்தைத் தாண்டுவதில்லை.

இந்த நேரத்தில்தான் என் பேருக்கு ஓட்டு அட்டை தபாலில் வந்தது. நீ விண்ணப்பம் எழுதி, அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து, ஆளுக்கு ஆள் கும்பிட்டு எனக்கு வாங்கிக் கொடுத்த பிரஜாவுரிமை. உனக்குக் கொடுக்கவில்லை. உன் அம்மா ஒன்றரை வருஷம் இந்தியாவில் இருந்துவிட்டு வந்தாள் என்று அவள் பேரையும் வெட்டிவிட்டார்கள். ஒரே காம்பிரா அறையில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம், நான் இந்த நாட்டுக்காரன், அவள் எந்த நாட்டுக்காரியும் இல்லை. அதை விடு. நம் நாலு லயத்து வீடுகளிலும் எனக்கு மட்டும்தான் ஓட்டு என்றதும் அந்த அட்டையைப் பார்க்க வராத ஆளில்லை. பக்கத்துக் காம்பிரா வீரம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு மூலையில் குங்குமமும் வைத்துவிட்டாள். "இது ஒங்க ஓட்டு இல்ல மாமா, எங்க எல்லாரோட ஓட்டு" என்றாள். நான் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வாரம் கீழ்க்கடை சோமபால முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இருபது வருஷப் பழக்கம், ஐம்பத்தெட்டில் நம் லயத்துப் பக்கம் வந்த கும்பலைக் கடை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். தோட்டத்தில் இருந்து யார் ஓட்டுப் போட வருகிறார்கள் என்று கிராமத்துப் பையன்கள் கணக்கெடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். "இந்தத் தடவை வராத அய்யே, நான் ஒருத்தன் ஒவ்வொரு தடவையும் முன்னால நிக்க முடியாது" என்று அண்ணன் முறை வைத்துத் தமிழில் சொன்னார். மிரட்டவில்லை, கெஞ்சினார். நான் வீட்டுக்கு வந்து, போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் போயிற்று. இதை உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன யோசிப்பது.

ஆனால் லயத்து ஜனங்கள் அப்படி விடுவார்களா. யூனியன் தலைவர் கந்தப்பன் வந்து, ஓட்டு எல்லாருக்கும் பொது என்றால் யாருக்குப் போடுவது என்பதும் பொதுவில்தான் முடிவாக வேண்டும் என்றார். அதில் சண்டை வந்தது. கடைசியில் ஆத்தாளிடமே பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்று தேர்தலுக்கு ஒரு வாரம் முந்தின வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியாதது இல்லை, ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்றுதான் பூக்கட்டிக் கேட்போம், சிவப்புப் பூ வந்தால் செய், வெள்ளைப் பூ வந்தால் விடு. நானும் அதை நம்பித்தான் போனேன், வெள்ளை வந்தால் காய்ச்சல்கூட வேண்டியதில்லை என்று. கந்தப்பன் அவசரத்தில் சிவப்பு உரக்கச் சொல்கிறவருக்கு, வெள்ளை மெதுவாகச் சொல்கிறவருக்கு என்று பெயர் சொல்லிப் பொட்டலம் கட்டிப் போட்டுவிட்டார். போகலாமா வேண்டாமா என்பதை ஒருவரும் கேட்கவில்லை. கடைசி லயத்து ராக்காயியின் சின்னப் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள், வெள்ளை வந்தது. குலவை போட்டுவிட்டார்கள். இனி நான் போகாவிட்டால் ஆத்தாள் வாக்கைத் தள்ளினவன் ஆவேன், லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டாலும் என்னால்தான் என்பார்கள். ஆப்பசைத்த குரங்கு கதைதான். மறுநாள் காலையில் கிராமத்துப் பால்காரன் திரும்பிப் போனதுமே இன்னாருக்குப் போடச் சொல்லித் தோட்டத்து அம்மன் சொன்னாளாம் என்று கிராமம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை தேர்தல். தோட்டத்துத் துரை எனக்கு அரை நாள் லீவு கொடுத்தார். உன் அம்மா திருநீறு பூசிவிட்டாள், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டிய சனம் பாதி பாலம் வரைக்கும் கூடவே வந்தது. பாலத்தோடு நில்லுங்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டபிறகுதான் நின்றார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடம் அரை மைல் இருக்கும், அந்த அரை மைலில் என்னோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோமபால முதலாளி கடை வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஒரு பத்துப் பேர். ஜன்னல் பக்கம் ஐந்தாறு பையன்கள் சாய்ந்துகொண்டு நின்றார்கள். என் முறை வந்தது, மேசையில் இருந்த உத்தியோகஸ்தர் பேரேட்டில் அடிமட்டக் குச்சியை வைத்து இறக்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். சிவசாமி காலையிலேயே வந்து போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று சிங்களத்தில் சொன்னார். நான்தான் சிவசாமி என்று அட்டையைக் காட்டினேன். குங்குமத்தைப் பார்த்து ஜன்னலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. வேறொருவன் உன் பேரில் போட்டிருக்கிறான், நீ சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தால் தனியாக ஒரு சீட்டுத் தரலாம், அந்தப் பக்கம் உட்கார் என்றார். ஜன்னலைப் பார்த்தேன். வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தம்பி, அந்த நிமிஷத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. ஏன் போகவில்லை என்று ஆத்தாள் கேட்க முடியாது, ஏன் போட்டாய் என்று கிராமத்தான் கேட்க முடியாது, யாரோ ஒரு புண்ணியவான் என் பாரத்தை இறக்கிவிட்டான் என்று நினைத்துப் படி இறங்கினேன். பாலத்துக்கு வருவதற்குள் அந்த நிம்மதியே என்னைச் சுட ஆரம்பித்துவிட்டது. நீ செருப்புத் தேயத் தேய அலைந்து வாங்கிக் கொடுத்ததை ஒருவன் திருடிக்கொண்டு போயிருக்கிறான், நான் அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு நடக்கிறேன். பாலத்தில் சூடம் கொளுத்தி வைத்துக்கொண்டு நின்றார்கள். "போட்டீங்களா மாமா" என்று வீரம்மா கேட்டாள். அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன். தலையை ஆட்டினேன். மாலை போட்டார்கள்.

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே மெதுவாகச் சொன்னவர்தான் கொஞ்சம் ஓட்டில் ஜெயித்திருக்கிறார். நம் ஓட்டுதான் ஜெயிக்க வைத்தது என்று லயத்தில் பொங்கல் வைத்தார்கள். நேற்றுக் காலையில் போய்ப் பார்த்தால் ஸ்டோருக்குப் பின்னால் நான் போட்டிருந்த லீக்ஸ் பாத்தி முழுவதும் பிடுங்கிப் போட்டுக் கிடந்தது. இன்று பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் கல் விழுந்தது. உரக்கச் சொன்னவர் தோற்ற கோபம் கீழே, நான் போடாத ஓட்டுக்குத்தான் இதெல்லாம். கீழே போய் நான் போடவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மேலே சொன்னால் நம்பிவிடுவார்கள், அதுதான் பயம். உன் அம்மா மாலையை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டிருக்கிறாள், அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ அங்கே பத்திரமாக இரு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனோடு தமிழில் உரக்கப் பேசாதே, ஊர்வலம் கூட்டம் என்றால் எட்டிக்கூடப் பார்க்காதே. சித்திரை வருஷப் பிறப்புக்கு வர வேண்டாம், ரயிலில் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும், ஆனி மாசம் கோயில் திருவிழாவுக்கு வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நீண்ட ஆயுசோடும் நல்ல பேரோடும் நீ இருக்க ஆத்தாள் துணை இருப்பாள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, இதற்குப் பதிலும் வேண்டாம். உன் அம்மா பேருக்கு ஒரு கடிதம் தனியாக எழுது. அதில், அப்பா ஓட்டுப் போட்டது எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்று ஒரு வரி போடு. மீனம்மா அதை லயத்து வாசலில் நின்று படிப்பாள், எல்லாரும் கேட்க வருவார்கள், நானும் கூட்டத்தில் நின்று கேட்க வேண்டும். பொய் எழுதச் சொல்லி உன்னை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
க. சிவசாமி