முதல் நம்பர்காரர்

வடகரை
28.6.2025

அன்பு மச்சானுக்கு, மிஸ்ரியாவின் ஸலாம்.

மாமி, நம் பிள்ளை சஃப்ரின், நான் மூவரும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்கிறோம். சாரல்தான் ஒரு வாரமாகத் துணியைக் காயவிடாமல் உயிரை வாங்குகிறது. முஃபீத் லீவு முடிந்து நாளை தம்மாம் திரும்புகிறார். ஊறுகாயோடு இதையும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தினமும் டிவியில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த டிவிதான் காரணம். நீங்கள் வரும் நேரத்தில் ஹாலில் மாமி, சஃப்ரின், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. ஹால் போனும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. மாமியின் போனில் பேசலாம் என்றால் அவர்களுக்கு ஸ்பீக்கர் போடாமல் பேசத் தெரியாது. என் போனோ செத்துக் கிடக்கிறது.

கோபப்படாமல் படியுங்கள். போன சீசனிலிருந்து நான் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். மதியத்துக்கு நெய்ச்சோறு, தால்சா, கோழி வறுவல். லாட்ஜை நடத்துவது மங்களேஸ்வரி அக்கா. ஆட்டோ வந்து பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போகும். வெங்காயம் உரிப்பது உங்கள் உம்மாதான். "எம் மவன்கிட்ட மூச்சு விட்டுராதட்டி. பொண்டாட்டி சோறு வித்துப் பொழைக்க வேண்டிய நெலமை என் வீட்டுல இல்லன்னு குதிப்பான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இன்று அதை மீறுகிறேன். மறைத்தது தப்புத்தான், மச்சான். உங்கள் முகம் டிவியில் வரும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஆனால் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்றரைக்கு அக்கா கூப்பிடுவார். நான் போனை அடுப்புப் பக்கம் வைத்துவிடுவேன். அவர் ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டுக் கேட்டுச் சொல்வார். "ஏட்டி, மாடி ரூமுக்குக் காரம் கம்மியா வேணுமாம். இன்னா, புதுசா ஒரு வேன் வந்து எறங்குது, வச்சிராத" என்பார். ஒரு மணி வரை லைனை வெட்டவே மாட்டோம். நீங்கள்தானே சொன்னீர்கள், டிவி, நெட், போன் எல்லாம் சேர்ந்த பேக்கில் பேச்சுக்குக் கணக்கே கிடையாது, ஆசை தீரப் பேசு என்று.

நேற்றுக் காலை முதல் என் நம்பர் வேலை செய்யவில்லை. விருதுநகரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருவதாக இருந்தது. தலைக்கணக்கை அக்கா காலையில் சொல்ல வேண்டும். அழைப்பே வராமல் நான் ஹால் போனிலிருந்து கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. "இந்த நம்பரு உபயோகத்துலயே இல்லன்னு ஒருத்தி சொல்லுதா. நீ கைவிட்டுட்டேன்னு நெனச்சு தென்காசி ஓட்டல்ல சொல்லிட்டேன்" என்றார். ரீசார்ஜ் கடைக்காரர் சரிசெய்கிறேன் என்று எதையோ அழித்து ஏற்றினார், இருந்த வாட்ஸ்அப்பும் போயிற்று.

ரத்தினம் அண்ணாச்சியிடம் கேட்டேன். கேபிள் வசூலுக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது பேக் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். கேபிள் தனி, நெட் தனி, போன் தனி என்று வைத்திருக்கிற வீடே நம் தெருவில் இப்போது இல்லை. "ஒங்க வீட்டு டிவி, நெட்டு, ஹால் போனு, மூணு சிம்மு எல்லாம் ஒரே பேர்ல கெடக்கு தாயி. முதல் நம்பர்காரர் கேட்டாத்தான் கம்பெனி பதில் சொல்லும்" என்கிறார்.

அந்த முதல் நம்பர்காரர் நீங்கள்தான். கேளுங்கள், மச்சான். சீசன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அக்காவிடம் மட்டுமல்ல, பக்கத்து லாட்ஜ்களிலும் அந்த நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். அது போனால் என் சமையலும் போயிற்று.

உங்கள் அன்பு
மிஸ்ரியா


தம்மாம்
6.7.2025

அன்பு மிஸ்ரியாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குத் துளியும் கோபம் இல்லை. நீ சமைப்பதில் என்ன தவறு? உன் தால்சாவைக் குற்றாலத்துக்கு வருகிறவர்களும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். உம்மாவுக்கும் பொழுது போகும்.

நம்பர் விஷயமாகக் கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டேன். அவர்கள் பக்கம் ஏதோ கோளாறாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும்போது இப்படி நடப்பது உண்டாம். நீ அலையாதே. ரத்தினம் அண்ணாச்சியிடமும் இனிக் கேட்க வேண்டாம், அவருக்கு இதெல்லாம் தெரியாது.

பாரூக் ஊருக்கு வருகிறான். அவன் கையில் உனக்கு ஒரு புது போனும் செண்டும், சஃப்ரினுக்கு வாட்ச், உம்மாவுக்குக் கம்பளி, இன்னும் சில சாமான்கள் அனுப்பியிருக்கிறேன். வேறு எது வேண்டுமானாலும் தயங்காமல் எழுது.

மங்களேஸ்வரி அக்கா என்று ஒருவர் இருப்பதை நீ முன்பே சொல்லியிருக்கலாம், மிஸ்ரியா. சொல்லியிருந்தால்... சரி, அதை விடு. உடம்பைப் பார்த்துக்கொள். சாரலில் நனையாதே.

உன்
யாசர்


வடகரை
20.7.2025

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

யாராவது புறப்படும்வரை காத்திருக்க மனம் இல்லை. இதைத் தபாலிலேயே போடுகிறேன்.

பாரூக் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தோம். போன பெருநாளுக்குக்கூட நீங்கள் இவ்வளவு அனுப்பவில்லை. போன் நன்றாக இருக்கிறது. போடுவதற்குச் சிம்தான் இல்லை.

புதன்கிழமை நான் ஐந்தருவிக்கு நேரில் போனேன். மங்களேஸ்வரி அக்கா உட்கார வைத்து டீ கொடுத்தார். "ஒம்மேல கோவம் இல்லட்டி. ஆனா ஓட்டல்காரருக்கு சீசன் முடிய வாக்கு கொடுத்துட்டேன். இப்ப மாத்துனா மரியாதையா இருக்காது" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அருவியில் ஆட்கள் கூச்சலும் கும்மாளமுமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள், நான் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் அழுகையை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண் எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். அதை முகர்ந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மாமிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நாங்கள் இருவரும் பேசி வைத்த ரகசியத்தையெல்லாம் மறந்து வெள்ளிக்கிழமை டிவி முன்னால் போட்டு உடைத்துவிட்டார்கள். "எம் மருமவ நம்பர வெட்டுனவன் கை வெளங்காமப் போவ!" என்று கம்பெனிக்காரனைச் சபித்தார்களே, நீங்களும் கேட்டீர்கள். அப்போது உங்கள் முகம் போன போக்கை நான் பின்னால் நின்று பார்த்தேன். அது பெரிய டிவி, மச்சான்.

அண்ணாச்சியிடம் கேட்காதே என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. அவராகத்தான் தெருவில் பைக்கை நிறுத்தினார். "நானும் ஆபீஸ்ல விசாரிச்சேன். புகாருன்னு ஒண்ணும் வரலயாம் தாயி. கம்பெனி தானா ஒரு நம்பர எடுக்கவும் எடுக்காது" என்றார். அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்டதை நானும் எழுதப்போவதில்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

மிஸ்ரியா


தம்மாம்
2.8.2025

மிஸ்ரியா,

நான்தான் வெட்டினேன்.

இனிமேல் எழுதுவது எதுவும் சமாதானம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் டீ இடைவேளைக்கு வெளியே வருவேன். உனக்கு அப்போது பதினொன்றரை, பன்னிரண்டு இருக்கும். கூட்டம் இல்லாமல் உன்னிடம் மட்டும் பேசலாம் என்று கூப்பிட்டால் நீ வேறொரு அழைப்பில் இருப்பாய். மறுநாளும் அப்படித்தான். ஜூன் மாதம் முழுக்க அப்படியே போனது. என் அறையில் இருக்கிற ஒருத்தன், "பேக்கு வாங்கிக் கொடுத்தது நீ. பேசுதது யாரு கூடடே?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. யாரிடம் பேசுகிறாய் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன நினைப்பாயோ என்று கூச்சம். இதற்குக் கூச்சப்பட்டவன் செய்த காரியத்தைப் பார்.

அந்த வியாழக்கிழமை ஆப்பைத் திறந்தேன். வீட்டு நம்பர்கள் எல்லாம் என் பெயருக்குக் கீழே வரிசையாக இருந்தன. உன் பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று இருந்தது. அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றேன். திரும்பவும் ஒரு தடவை கேட்டது. அதற்கும் ஆம் என்றேன். உன் நம்பர் நின்றுபோனால் நீ என்னிடம் வந்து கேட்பாய், அப்போது விசாரிக்கலாம் என்று நினைத்தேன். இவ்வளவு கேவலமாக நான் எதையும் நினைத்ததில்லை, மிஸ்ரியா.

முஃபீத் கொடுத்த உன் கடிதத்தைப் படித்ததும் கம்பெனியைக் கூப்பிட்டேன். அது மட்டும் பொய் இல்லை. விட்டுக்கொடுத்த எண் திரும்பக் கிடைக்காதாம். "பேக்கில் புது எண் சேர்த்துக்கொள்ளுங்கள் சார், இந்த மாதம் சலுகை இருக்கிறது" என்றது ஒரு பெண் குரல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே உன்னுடையதாக இருந்த நம்பர் அது. ரீசார்ஜ் கடைக்கு நீ நடக்க வேண்டாம் என்று சொல்லி என் பெயருக்கு இழுத்துக்கொண்டவன் நான். அதற்குப் பிறகு உனக்குப் புகார், கோளாறு என்று கதை எழுதினேன். சாமான் வாங்கிப் பெட்டியை நிரப்பினேன்.

உம்மா சபித்தபோது சோறு பிசைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். பேக் முழுவதையும் உன் பெயருக்கு மாற்றிவிடட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

யாசர்


வடகரை
24.8.2025

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். உலையில் கிடந்த அரிசி குழைந்துபோனதுகூடத் தெரியவில்லை. அன்று குழைந்த சோற்றைத்தான் மூவரும் தின்றோம்.

மாமியிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர்கள் இன்னும் கம்பெனிக்காரனைத்தான் சபிக்கிறார்கள். எனக்கு உங்கள் கை கண்ணுக்குள் வந்து நிற்கிறது. "போதும் மாமி, விடுங்க" என்கிறேன். "அவம்மேல ஒனக்கு என்னட்டி அவ்வளவு பாசம்?" என்று கேட்கிறார்கள்.

என் மேலும் தப்பு உண்டு. முதல் நாளே உங்களிடம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று பல நாள் என்னையே திட்டிக்கொண்டேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே ஒரு தடவை நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், மச்சான். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தாயான என்னைப் பற்றி ஒருத்தன் சிரித்தான், நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். நம்பர் போனதைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது. மன்னித்தேன் என்று எழுதிவிடலாம். எழுதினால் அது இன்றைக்குப் பொய்யாக இருக்கும். நம் இருவருக்கும் நடுவில் பொய் போதும்.

பேக்கை என் பெயருக்கு மாற்ற வேண்டாம். டிவியும் நெட்டும் மாமியின் போனும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் முகத்தைப் பார்க்காமல் மாமியும் சஃப்ரினும் ஒரு நாள் இருக்க மாட்டார்கள். நானும் வழக்கம்போலப் பின்னால் வந்து நிற்பேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்.

போன திங்கட்கிழமை தென்காசிக்குப் போய் என் ஆதாரைக் கொடுத்துத் தனியாக ஒரு சிம் வாங்கினேன். எந்தப் பேக்கிலும் சேராதது. சஃப்ரினின் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன், மாமிக்குக் கொடுத்தேன். மங்களேஸ்வரி அக்காவுக்கும் கொடுத்தேன். "அடுத்த சீசனுக்கு ஒன்னத்தான் மொதல்ல கூப்புடுவேன்" என்றிருக்கிறார்.

உங்களுக்கும் தரலாம் என்றுதான் இந்தத் தாளின் மேல் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். மூன்று இலக்கத்துக்கு மேல் கை ஓடவில்லை. அங்கே கறுப்பாக அடித்திருப்பது அதுதான். மாமியிடம் கேட்டு வாங்கிவிடாதீர்கள். எனக்கு மனம் வருகிற அன்று நானே கூப்பிடுகிறேன். உங்கள் போனில் என் பெயர் வராது. யாரோ என்று விட்டுவிடாமல் எடுங்கள்.

மிஸ்ரியா